பகலுக்குத் தார் பூசியவர்

மாக்கிறேற்றுக்கு எதிலும் அரியண்டம், அருவருப்பு. அல்லைப்பிட்டியில் அவளைத் தெரிந்தவர்கள் முதலில் சொல்லுவது அதைத்தான். மீன் மணத்துக்குள் பிறந்து, மீன் வெட்டி வளர்ந்து, மீன்பிடிகாரனைக் கட்டியவள். ஆனாலும் யாராவது தேத்தண்ணி கொடுத்தால் கோப்பையை வாசல் வெளிச்சத்துப் பக்கம் சரித்து, அடியைப் பார்த்த பிறகுதான் வாயில் வைப்பாள். அடியில் ஒரு எறும்பு கிடந்தாலும் "சீ" என்று முற்றத்தில் ஊற்றிவிடுவாள். கொடுத்தவர்களின் முகம் கறுக்கும். அதைப்பற்றி அவள் கவலைப்பட்டது கிடையாது.

பிறவியிலேயே அப்படி இருந்தவள் இல்லை. 1956ஆம் ஆண்டு, அவளுக்குக் கலியாணம் பேசி வைத்திருந்த மாரிகாலம். தகப்பன் பஸ்ரியாம்பிள்ளையின் வீடு யன்னல் இல்லாத ஓலைக் கிடுகு வீடு. மழைக்குக் கதவைச் சாத்தினால் பகலிலும் விளக்குக் கொளுத்த வேண்டும். அன்று மண்ணெண்ணெய் தீர்ந்துபோயிருந்தது. தாய் இருட்டுக்குள்ளேயே கூழை அள்ளி ஊற்றிக் கொடுத்தாள். பலாக்கொட்டை என்று நினைத்து மாக்கிறேற் கடித்தது மொறுக்கென்று நொறுங்கி, நாக்கில் ஏதோ கசப்பாக வழிந்தது. கதவைத் திறந்து உள்ளங்கையில் துப்பிப் பார்த்தாள். பாதிக் கரப்பொத்தான். மற்றப் பாதி எங்கே என்று நினைத்ததும் மழைக்குள் குந்தியிருந்து சத்தி எடுத்தாள்.

"கூழோட கொதிச்சதுதானே. ஒண்டும் செய்யாது பிள்ளை, வந்து மிச்சத்தைக் குடி" என்றாள் தாய்.

கரப்பொத்தானைவிட அந்த ஆறுதல்தான் மாக்கிறேற்றுக்குக் கூடுதலாகக் குமட்டியது. கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் எதையும் வாயில் வைப்பதில்லை என்று அன்றைக்கு முடிவெடுத்தாள்.

கலியாணம் முடித்து குருசுமுத்துவின் வீட்டுக்குப் போன கிழமையே சமைக்கிற குசினியின் கிடுகை வெட்டி, கிழக்குப் பக்கம் ஒரு திறப்பு வைத்தாள். குருசுமுத்து அமைதியான மனுசன். கத்தியைப் பிடித்துக்கொண்டு நின்ற புதுப் பெண்டாட்டியைப் பார்த்து, "காகம் வருமேயப்பா" என்று மட்டும் கேட்டார். "காகம் வந்தால் தெரியும். கரப்பொத்தான் வந்தால் தெரியாது" என்றாள். பிறகு கல்வீடு கட்டி ஓடு போட்டபோது, குசினிக் கூரைக்கு இரண்டு கண்ணாடி ஓடு வேண்டுமென்று அடம்பிடித்தாள். ஊர்காவற்றுறையில் ஒரு பெரிய வீட்டுக் குசினியில் அவள் அதைக் கண்டிருந்தாள். மற்ற ஓடுகளைப் போலவே வளைவும் பள்ளமும் உள்ள ஓடு, ஆனால் கண்ணாடி. அதற்குக் கீழே சட்டியின் அடிப்பிடிப்புக்கூடப் பளிச்சென்று தெரியும். குருசுமுத்து யாழ்ப்பாணம் போய் இரண்டையும் வைக்கோலில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அதன்பிறகு அந்தக் குசினியில் பகலில் விளக்கு எரிந்ததில்லை.

எழுபதுகளில் இறாலுக்கு மதிப்பு வந்தது. வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்களாம் என்று கதை பரவியது. அந்த நேரத்தில்தான் சரவணை ஊரைச் சேர்ந்த கனகசபை முதலாளி, கடற்கரையோரம் சும்மா கிடந்த புகையிலை அடுக்கிவைக்கும் ஒரு பழைய கிட்டங்கியை இறால் உரிக்கும் இடமாக மாற்றினார். தடித்த சுவர், தாழ்ந்த ஓட்டுக்கூரை, ஒரேயொரு வாசல். இருந்த நாலு யன்னலையும் கல் வைத்துக் கட்டி அடைத்தார். பூனை வரும், காகம் வரும், ரோட்டால் போகிறவன் எட்டிப் பார்ப்பான் என்று காரணம் சொன்னார். உள்ளே வெளிச்சத்துக்குப் பின்பக்கத்தில் ஒரு டீசல் இஞ்சின் வைத்து, மேசைகளுக்கு மேலே வயரில் பல்புகளைத் தொங்கவிட்டார். பகல் பத்து மணிக்கு வெளியே கண் கூசும் வெயில் எரியும்போது, உள்ளே மஞ்சள் பல்புகள் எரிந்துகொண்டிருக்கும்.

குருசுமுத்துவுக்கு முதுகு பிடித்துக் கடலுக்குப் போக ஏலாமல் வந்தபோது மாக்கிறேற் அங்கே வேலைக்குப் போனாள். பக்கத்து வீட்டு ஞானசவுந்தரி ஏற்கெனவே அங்கே வேலை செய்தாள். அவள்தான் கூட்டிக்கொண்டு போனவள். வாசலில் கால் வைத்ததும் மாக்கிறேற் மூக்கைப் பொத்தினாள். இறால் மணம் அவளுக்குப் புதிதல்ல. இது வேறு. இஞ்சின் புகையும் அழுகிய தலைகளும் ஊறின சாக்கும் பெண்களின் வேர்வையும் ஒன்றாகப் புளித்த மணம். நிலம் காலில் ஒட்டியது. என்னத்தில் மிதிக்கிறோம் என்று குனிந்து பார்த்தால் தெரியாது. பல்பு வெளிச்சம் மேசைக்குக் கீழே இறங்குவதில்லை.

"கொஞ்ச நாளில பழகிப்போம் அக்கா" என்றாள் ஞானசவுந்தரி.

மாக்கிறேற் பழகவில்லை. வீட்டுக்குப் போனதும் கிணற்றடியில் சாம்பல் போட்டுக் கையைத் தேய்ப்பாள், தோல் சிவக்கும் வரைக்கும். சோற்றைப் பிசையும்போது விரலில் அந்த மணம் எழும்பும். பாதியில் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிடுவாள். குருசுமுத்து அதை எடுத்து நாய்க்கு வைப்பார்.

எண்ணெய் விலை உலகமெல்லாம் ஏறிய காலம் வந்தது. டீசல் கிடைப்பது பெரும்பாடாகிவிட்டது. முதலாளி பீப்பாவைத் தட்டித் தட்டிப் பார்த்துப் புறுபுறுத்தார். பிறகு, மத்தியானம் கொஞ்ச நேரம் இஞ்சினை நிறுத்தச் சொன்னார். அந்த நேரத்தில் பெண்கள் வாசல் வெளிச்சத்துக்கு நெருக்கியடித்துக்கொண்டு உரித்தார்கள். உள்ளே இருந்தவர்கள் தடவித் தடவி உரித்தார்கள். ஒருத்தியின் நகக்கண்ணில் இறால் முள் ஏறி, இரத்தம் இறாலோடு இறாலாகப் போனது. யாரும் அதைத் தேடி எடுக்கவில்லை. எடுக்கத் தெரியவுமில்லை.

அன்றைக்கு மாக்கிறேற் எழும்பிப்போய் முதலாளியிடம் சொன்னாள்.

"முதலாளி, கூரையில நாலைஞ்சு ஓட்டைக் கழட்டிப்போட்டுக் கண்ணாடி ஓடு போடுங்கோ. பகலில இஞ்சினே வேண்டாம். என்ர குசினியில அப்பிடித்தான்."

கனகசபை முதலாளி வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு கூரையைப் பார்த்தார். "கோடி கும்பிடலாம் மாக்கிறேற்று. இவ்வளவு நாளும் ஏன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தனி?" என்று சிரித்தார்.

அருளப்பு மேசன் வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடுகளை மாற்றிவிட்டுப் போனார். திங்கட்கிழமை பெண்கள் உள்ளே போனபோது இஞ்சின் சத்தம் இல்லை. வெயில் ஏற ஏற, மேசைகளின் மேல் பகல் வந்து இறங்கியது. எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு குனிந்து பார்த்தார்கள்.

முதலில் கத்தியது ஞானசவுந்தரி. அவள் தினமும் முதுகைச் சாய்த்திருந்த சுவரில், ஆள் உயரத்துக்குப் பச்சையும் கறுப்புமாக வழுக்கல் படிந்திருந்தது. அதற்குள் வெள்ளையாக ஏதோ நெளிந்தது. கை கழுவும் பீப்பாவின் தண்ணீர் தேத்தண்ணி நிறம். அதன் மேலே ஒரு தோல் படர்ந்திருந்தது. மேசைப் பலகையின் வெடிப்புகளில் பழைய இறால் சதை சீழ்போலக் கட்டிக்கிடந்தது. நிலத்தில் ஒட்டியது என்ன என்றும் இப்போது தெரிந்தது. இறால் தலையும் உரித்த கோதும் சேர்ந்து கூழாகி, அதற்குள் எலிப்புழுக்கை. மூலையில், அவர்கள் மதியச் சாப்பாட்டுப் பார்சலை வைக்கும் சுவர்த் தட்டுக்கு நேர் கீழே, ஒரு செத்த எலி வயிறு வெடித்துக் கிடந்தது. இரண்டு பெண்கள் வாசலுக்கு ஓடிச் சத்தி எடுத்தார்கள். மாக்கிறேற் அசையவில்லை. அவளுக்கு அதெல்லாம் முன்பே தெரிந்ததுபோல இருந்தது. ஆனாலும் தன் கைகளை அந்த வெளிச்சத்தில் பார்த்தபோது, அவற்றை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அன்று முழுக்கக் கழுவினார்கள். அடுத்த நாளும் கழுவினார்கள். கடல்தண்ணியை வாளி வாளியாக அள்ளி ஊற்றி, தென்னந்தும்பால் சுரண்டி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். சுண்ணாம்பு காய்ந்ததும் உள்ளே வெளிச்சம் இரட்டிப்பாகியது. முதலாளிக்கும் வலு சந்தோசம். டீசல் பீப்பா அசையாமல் இருந்தது. தலைக்கு மேலே தொங்கிய பல்புகளின் சூடு இல்லாததால் யாழ்ப்பாணத்திலிருந்து லொறியில் வரும் ஐஸும் கூடுதல் நேரம் நின்றுபிடித்தது. "எங்கட மாக்கிறேற்றின்ர மூளை" என்று வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

அந்தச் சந்தோசம் அதிக நாள் நிற்கவில்லை.

மஞ்சள் பல்புக்குக் கீழே எல்லா இறாலும் ஒரே நிறம். பகல் வெளிச்சத்தில் அப்படியில்லை. நல்லது கண்ணாடிபோல இருந்தது. பழசு கழுத்தில் கறுத்து, சதை மாவாகி, தொட்டால் நூல்போல இழுபட்டது. பெண்கள் அவற்றைத் தூக்கி ஒரு புறம்பான ஓலைக் கடகத்தில் போடத் தொடங்கினார்கள். யாரும் சொல்லித் தரவில்லை. கண்ணுக்குத் தெரிகிறதை எப்படி உரிப்பது? பின்னேரம், மேற்பார்வை செய்யும் மார்க்கண்டு நிறுக்க வந்தபோது, கழிவுக் கடகம் நிரம்பி வழிந்தது. அவன் ஓடிப்போய் முதலாளியைக் கூட்டிவந்தான்.

"என்னடி இது, அள்ளிக் கொட்டி வைச்சிருக்கிறியள்?"

"கெட்டது முதலாளி" என்றாள் மாக்கிறேற்.

"கெட்டதோ? போன கிழமை எல்லாம் நல்லாத்தானே இருந்தது?"

"போன கிழமை தெரியேல்லை."

முதலாளி கடகத்தைக் காலால் தள்ளினார். "அந்தத் தூளைப் போட்டு அலசினால் மணம் போயிடும். எடுத்து மற்றதோட கலவுங்கோ."

அதை அவள் முன்பும் பார்த்திருக்கிறாள். மார்க்கண்டு வாளியில் ஏதோ வெள்ளைத் தூளைக் கரைப்பான், கண் எரியும், இறாலை அதில் முக்கி எடுப்பான். இருட்டில் அது என்னவென்று அவள் கேட்டதில்லை. இப்போது அந்த வாளியில் நுரை பொங்கி மிதப்பதையும், அதற்குள் கறுத்த இறால்கள் மெல்ல வெளுப்பதையும் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு இறாலை இரண்டு விரலால் தூக்கி, முதலாளியின் முகத்துக்கு நேரே பிடித்தாள். அது விரலிடுக்கில் கரைந்து வழிந்தது.

"இதை நீங்கள் வீட்டை கொண்டுபோய்ச் சாப்பிடுவியளோ?"

கனகசபை முதலாளி ஓரடி பின்னுக்குப் போனார். "நான் சைவக்காரன். எனக்கேன் இந்தச் சனியன்?"

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் உண்மையான அருவருப்பு இருந்தது. அதைத்தான் மாக்கிறேற்றால் தாங்க முடியவில்லை. தன் வாய்க்கு வராத ஒன்றை, எங்கோ இருக்கிற ஆரோ ஒருவரின் பிள்ளை தின்னட்டும் என்று அனுப்புகிறவர், நெற்றியில் திருநீறு அழியாமல் வேர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

ஒன்றிரண்டு நாள் கழித்து அவள் வேலைக்குப் போனபோது தூரத்திலேயே இஞ்சின் சத்தம் கேட்டது. வெளியே நல்ல வெயில். உள்ளே பல்பு எரிந்தது. நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடி ஓடுகள் எல்லாம் கறுப்பு. மேலே ஏறித் தார் பூசியிருக்கிறார்கள். ஓட்டு இடுக்கால் வழிந்த தார், வெள்ளைச் சுவரில் கோடு கோடாக இறங்கி, உரிக்கிற மேசையில் சாணிபோல உறைந்துகிடந்தது.

"ஓட்டுக்கு என்ன நடந்தது முதலாளி?"

"வெயில் இறங்கி ஐஸ் உருகுது."

"ஐஸ் முந்தியைவிட நிக்குதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"டீசலுக்கு உன்ர கொப்பரே காசு குடுக்கிறார்? இருந்து உரி. இல்லாட்டிப் போ."

சூரியன் சும்மா தந்ததைத் தார் பூசி மறைத்துவிட்டு, கிடைக்காத டீசலை அலைந்து திரிந்து வாங்கி எரிக்கிறார். இருட்டு அவருக்கு அவ்வளவு தேவையாயிருக்கிறது. மாக்கிறேற் மற்றப் பெண்களைப் பார்த்தாள். எல்லோரும் குனிந்து உரித்துக்கொண்டிருந்தார்கள். எலியைக் கண்டு ஓடிச் சத்தி எடுத்த இருவரும்கூட. வெள்ளைத் தூள் வாளி திரும்பவும் மூலையில் இருந்தது.

ஞானசவுந்தரி தலையை நிமிர்த்தாமல் மெதுவாகச் சொன்னாள்: "இரும் அக்கா. கண்ணை மூடிக்கொண்டு செய்வம். நாங்களே தின்னப்போறம்?"

"சீ!" என்றாள் மாக்கிறேற். அந்தச் சொல் முதலாளிக்கா, ஞானசவுந்தரிக்கா என்று அவளுக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. மேசையில் வழிந்த தாரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். வெயில் முகத்தில் அடித்தது. நேரே கடலில் இறங்கி, சேலையோடு இடுப்பளவு தண்ணீரில் நின்று, கைகளைக் கழுவிக் கழுவி நின்றாள்.

வீட்டில் குருசுமுத்து கேட்டார்: "இனி என்ன செய்யப்போறீர்?"

"வெளிச்சத்தில இருந்து உரிக்கப்போறன்."

முற்றத்தில் ஒரு கொட்டில் போட்டார்கள். இடுப்பளவுக்கு மட்டும் சுவர்; அதற்கு மேலே வடக்கும் கிழக்கும் முழுத் திறப்பு. உள்பக்கம் சுண்ணாம்பு. கடலிலிருந்து வருகிற இறாலில் கொஞ்சத்தை நேரே கரையில் வாங்கி, காலையிலேயே உரித்து, யாழ்ப்பாணத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குப் பஸ்ஸில் அனுப்பினாள். பெரிய உழைப்பு ஒன்றும் இல்லை. மழை நாளில் வேலை நடக்காது. இலையான் மொய்க்கும் தொல்லை இருந்தது. பழைய வலையை மடித்துத் தொங்கவிட்டாள். ஆனால் அங்கே விளக்குக்கென்று ஒரு சொட்டு எண்ணெய் செலவாகவில்லை. வாங்க வருகிறவன் கையை விட்டுக் கிளறி, வெயிலில் தூக்கிப் பார்த்து எடுத்துப் போகலாம்.

ஞானசவுந்தரியோடு அவள் பல மாதம் பேசவில்லை. கிணற்றடியில் கண்டாலும் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். ஒருநாள் ஞானசவுந்தரி வேலியோரம் வந்து நின்றாள். வலது கைச் சுட்டுவிரல் துணிச்சுற்றில் தடித்திருந்தது. நகத்துக்குள் சீழ் கட்டி, ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் கீறி எடுத்தார்களாம்.

"மணக்குதோ அக்கா?" என்று கேட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

மாக்கிறேற் துணியை அவிழ்த்துப் பார்த்தாள். மணத்தது. ஆனாலும் கையை விடாமல், உப்புத் தண்ணீர் சுடவைத்துக் கழுவி, வெள்ளைத் துணி கட்டிவிட்டாள். விரல் ஆறினதும் ஞானசவுந்தரி கொட்டிலுக்கு வேலைக்கு வந்தாள். பழைய கதையை இரண்டு பேரும் எடுக்கவில்லை.

கிட்டங்கி அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பகல் முழுக்க இஞ்சின் சத்தம், இரவு வந்தால் முதலாளியின் கார் வெளிச்சம். அநியாயம் உடனே விழும் என்று நினைப்பவர்களுக்கு அந்தச் சத்தமே பதில். கடைசியில் கொழும்பில் சரக்கு வாங்கினவர்கள் ஒரு தொகைச் சரக்கை அப்படியே திருப்பி அனுப்பினார்கள். பெட்டிகளைத் திறந்தபோது ரோட்டு முழுக்க மணத்ததாகச் சொன்னார்கள். கனகசபை முதலாளி எல்லோரிடமும் ஒரே கதைதான் சொன்னார்: "கரையார்ப் பெட்டையளின்ர ஊத்தைக் கை. சுத்தம் எண்டால் என்னவெண்டு தெரியாத சனம்." அந்தக் கதை கோயில் வாசல் வரைக்கும் வந்தது. மாக்கிறேற் அன்று சோறு தின்னவில்லை.

பிறகு அவர் இறாலை விட்டுவிட்டு, கிட்டங்கியில் சீமெந்து அடுக்கி வியாபாரம் செய்தார். உரித்த பெண்களோடு மார்க்கண்டும் வேலை இழந்து, ஒருநாள் அவளுடைய கொட்டிலுக்கு வந்தான்.

"தார் பூசினது நான்தான் அக்கா. அவர் ஏறச் சொன்னவர், ஏறினனான். பிள்ளையள் இருக்குது."

மாக்கிறேற் அவனுடைய கைகளைப் பார்த்தாள். வெள்ளைத் தூளில் தோல் உரிந்து வெடித்திருந்தன. பரிதாபம் வரவேண்டும் என்று அவளுக்கும் தெரிந்தது. வரவில்லை. உரித்த இறாலில் ஒரு பெட்டி நிரப்பி, "பிள்ளையளுக்குச் சமைச்சுக் குடும்" என்று நீட்டினாள். வேலை கொடுக்கவில்லை. அந்தக் கைகள் தன் மேசையில் படுவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

எண்பதாம் ஆண்டளவில் அவர்களுடைய பகுதிக்கு மின்சாரம் வந்தது. புது மண்டபத்தில் திறப்பு விழா. லைற்றைப் போட்டுத் தொடக்கிவைக்கக் கனகசபை முதலாளியைக் கூப்பிட்டிருந்தார்கள். விழா வைத்தது பகல் பதினொரு மணிக்கு. வெளிச்சம் எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று மண்டபத்து யன்னல் எல்லாவற்றையும் சாத்தி, கொழுக்கி போட்டிருந்தார்கள். உள்ளே சனம் வேர்த்து ஒழுகியது. பிள்ளைகள் அழுதன. மல்லிகை மாலையின் மணம் வேர்வையோடு சேர்ந்து புளித்தது. முதலாளி மேடையில் எழும்பி, ஊருக்கு வெளிச்சம் கொண்டுவந்த கதையைச் சொல்லத் தொடங்கினார்.

மாக்கிறேற் எழும்பினாள். குருசுமுத்து சேலைத் தலைப்பைப் பிடித்தார், உதறிவிட்டாள். போய் யன்னல் கொழுக்கியைத் தட்டித் திறந்தாள். அடுத்ததையும் திறந்தாள். காற்று வந்தது. வெயில் வந்தது. கூரையில் எரிந்த நீளக் குழாய்கள் எரிகின்றனவா இல்லையா என்றே தெரியவில்லை.

"ஆரது? பூட்டுங்கோ! லைற் தெரியாது!" என்று மேடையிலிருந்து சத்தம் வந்தது.

"லைற் தெரியாட்டிப் பரவாயில்லை. நீர் தெரியிறீர், அது காணும்" என்றாள் மாக்கிறேற்.

அவரை 'நீங்கள்' என்னாமல் 'நீர்' என்று ஒரு பெண் சொல்லி அந்த ஊர் கேட்டதில்லை. பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். முன்வரிசை திரும்பி முறைத்தது. ஒழுங்கு செய்தவர்களில் ஒருவர் ஓடிவந்து யன்னலைச் சாத்தினார். முதலாளி தண்ணீர் குடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். சனம் கைதட்டியது. மாக்கிறேற் வெளியே வந்து வேலியோரம் துப்பினாள்.

"சர்பத் குடுக்கப்போறாங்கள், இருந்திருக்கலாம்" என்றார் பின்னால் வந்த குருசுமுத்து.

"அந்தக் கிளாசை ஆர் கழுவினதெண்டு கண்டனீங்களோ?"

அடுத்த வருசம் அவர்களும் மின்சாரம் எடுத்தார்கள். குருசுமுத்துவுக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்தது. பொழுதுபட்டபிறகு செபமாலை சொல்லவும் சாப்பிடவும் ஒரு பல்பு வேண்டியிருந்தது. மீற்றர் பார்க்க வந்த பொடியன் மூன்றாம் முறையும் எண் பெரிதாக ஏறாததைக் கண்டு, மீற்றரை விரலால் தட்டினான். குசினி வாசலில் வந்து நின்று கேட்டான்.

"வீட்டில ஆக்கள் இருக்கிறேல்லையோ அம்மா?"

மாக்கிறேற் திரளி மீனின் செவுளைப் பிரித்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். செவுள் வெளிறியிருந்தது. எவனோ பழைய மீனைத் தலையில் கட்டிவிட்டான்.

"சீ" என்று அதை வெளியே எறிந்தாள். "அங்கால தள்ளி நில்லும் தம்பி. வெளிச்சத்தை மறைக்கிறீர்."